தாளின் தலையில் ஒரு சுழி

என் தங்கச்சியின் புருசன் சுவிஸ் நாட்டின் ஒரு மாநில அரசில் மந்திரியாக வந்திருக்க வேண்டியவன். வரவில்லை. வராமல் செய்தது நான். இதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை. இருபது வருசம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

அவனை நான் மச்சான் என்று கூப்பிடுவது தங்கச்சியைக் கட்டியதால் வந்ததில்லை. எங்கள் யாழ்ப்பாணத்துப் பக்கம் சிநேகிதனும் மச்சான்தான். ஒரே பள்ளிக்கூடம், ஒரே ஏஜென்ட், ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரே அலுமினியக் கம்பனி. ரூமில் மேல் கட்டில் அவனுக்கு, கீழ்க் கட்டில் எனக்கு. ஜன்னல் சட்டம் செய்து, கண்ணாடி மாட்டி, உயரக் கட்டடங்களின் வெளிப்பக்கத்தில் தொங்கிக்கொண்டு பொருத்துகிற வேலை. ரூமில் நாங்கள் எட்டுப் பேர். நானும் அவனும் தமிழர். மிச்சப் பேரில் நாலு பேர் மலையாளிகள், இரண்டு பேர் பீகார்க்காரர்.

ஒரு ஜூலை மாதம், மலையாளிகளில் மூத்தவர், நாங்கள் சேட்டன் என்று கூப்பிடுபவர், ஒன்பதாம் மாடியில் கயிற்றில் தொங்கியபடியே மயங்கிவிட்டார். மேலே இழுத்தெடுத்தபோது உதடு வெடித்து, கண் செருகி இருந்தது. ஃபோர்மன் அவருக்குத் தண்ணீர் அடித்துவிட்டு எங்களைப் பார்த்து "யல்லா, யல்லா" என்று வேலைக்கு விரட்டினான். மத்தியானம் ஒரு மணி. எங்களைத் திரும்பக் கயிற்றில் இறக்கினார்கள்.

அன்று பின்னேரம் ரூமில் வைத்து, எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், நாளைக்கு யாரும் பஸ் ஏறக்கூடாது என்று சொன்னேன். மத்தியான வெயிலில் மூன்று மணி நேரம் வெளிவேலை கிடையாது என்று கம்பனி சொல்லும்வரை ஏறுவதில்லை. சொன்னது நான்தான். பீகார்க்காரர் பயந்தார்கள். சேட்டன் படுத்த படுக்கையிலேயே கையைத் தூக்கினார். மச்சான் மேல் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டபடி, "நீ என்ன சொன்னாலும் சரி மச்சான்" என்றான். அந்தச் சொல் இன்றும் என் காதில் கிடக்கிறது.

விடிந்ததும் எட்டுப் பேரும் கேம்ப் வாசலில் குந்தியிருந்தோம். எங்களைப் பார்த்து அடுத்த ரூம்களும் குந்தின. பஸ் அரைவாசி வெறுமையாகப் போனது. இரண்டாம் நாள் மனேஜர் என்னைக் கூப்பிட்டார். மேசையில் ஒரு தாளை வைத்து, அதில் இருந்த பெயர்களை வாசித்தார். முதல் பெயர் என்னுடையது. இங்கிலிஷ் பெரிய எழுத்தில் ஏழு பெயர்கள். எனக்கு அது தலைகீழாகத்தான் தெரிந்தது. ஆனால் தாளின் தலையில், நடுவாக, ஒரு பிள்ளையார் சுழி இருந்தது. கீழே இரண்டு கோடு.

எங்கள் ரூமில் எழுதத் தொடங்கும்போது சுழி போடுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான்.

காட்டிக்கொடுக்கிற தாளிலும் காரியம் கைகூட வேண்டும் என்று பிள்ளையாரைக் கூப்பிட்டிருக்கிறான் பாருங்கள். யோசித்துப் போட்டிருக்க மாட்டான். சின்ன வயதிலிருந்து கை தானாகப் போடும். கணக்குக் கொப்பியிலும் கடிதத்திலும் கடைச் சாமான் துண்டிலும் போட்ட கை, அங்கேயும் போட்டிருக்கிறது.

மத்தியான ஓய்வைக் கம்பனி கொடுத்தது. கேட்டது கிடைத்தது, கேட்டவர்களை அனுப்பிவிட்டார்கள். ஏழு பேரும் பதினொரு நாள் லாக்கப்பில் இருந்தோம். பிறகு சில வருசம் திரும்பி வரமுடியாத முத்திரையோடு விமானத்தில் ஏற்றினார்கள். சேட்டன் லாக்கப்பில் வைத்து என்னிடம், "நம்மில் யாராடா?" என்று கேட்டார். தெரியாது என்றேன். சிநேகிதனின் பெயரை என் வாயால் சொல்ல அப்போது வெட்கமாக இருந்தது. மச்சானுக்குக் கம்பனி தான் வாங்கி வைத்திருந்த பாஸ்போர்ட்டைக் கையில் கொடுத்தது. மூன்று மாதத்தில் அவன் சுவிசில் இருந்தான்.

அதோடு முடிந்திருந்தால் அவனை நான் மறந்திருப்பேன். ஆறு மாதம் கழித்து எங்கள் வீட்டுக்குக் கலியாணம் பேசி ஆள் வந்தது. மாப்பிள்ளை சுவிசில், சீதனம் ஒரு சதமும் வேண்டாம், பொம்பிளையை அனுப்பினால் போதும். ஊரில் அப்போது சண்டை. எங்கள் ஒழுங்கையில் ஆமி வந்து வீடுகளைச் சுற்றிவளைக்காத கிழமை இல்லை. தங்கச்சிக்கு இருபத்திரண்டு வயது. இந்தப் பிள்ளை தப்பட்டும் என்று அம்மா சாமிப் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டா. ஊர் முழுக்க அவனைப் பெரிய மனது என்றது.

அது மனது இல்லை, விலை என்று எனக்குத் தெரியும். தங்கச்சியின் கழுத்தில் கட்டிய தாலிக்கொடியால் அவன் என் வாயையும் சேர்த்துக் கட்டினான். கட்டட்டும் என்று நான் வாயைக் கொடுத்தேன். அவள் போய்ச் சேர்ந்தாள். தடைக்காலம் முடிந்து நானும் திரும்ப ஷார்ஜாவுக்கு வந்தேன், அதே தொழில்பேட்டை, வேறு கம்பனி. இப்போது அளவெடுக்கிற சூப்பர்வைசர்.

இனி அவனுடைய அரசியல். ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கச்சி போன் எடுப்பாள். அவன் வளர்ந்ததை எல்லாம் நான் அப்படித்தான் காதால் கேட்டேன். முதலில் அகதிகளுக்கு மொழிபெயர்ப்பாளன். பிறகு தொழிற்சங்கக் கந்தோரில் வேலை. பிறகு சமூக ஜனநாயகக் கட்சி. பிரஜாவுரிமை கிடைத்ததும் நகரசபை. அதன் பிறகு மாநிலப் பாராளுமன்றம், இரண்டு தவணை. கோயில் மண்டபத்தில் மாலை, பொன்னாடை, போட்டோ. எல்லாம் எனக்கு வாட்ஸ்அப்பில் வரும். நானும் கும்பிடுகிற கையை அனுப்புவேன்.

ஒரு நாள் அவள் சந்தோசமாகக் கதைத்தாள். "அண்ணா, கட்டட வேலைக்காரருக்கு வெயில் காலத்தில ஓய்வு குடுக்கோணும் எண்டு இவர் கொண்டுவந்த பிரேரணை நிறைவேறிட்டுது. தன்ர சொந்த அனுபவத்தைச் சொல்லிக் கதைச்சவராம். பேப்பரில வந்திருக்கு."

"என்ன அனுபவம்?"

அவள் வாசித்துத் தமிழில் சொன்னாள். வளைகுடாவில் தொழிலாளியாக இருந்தபோது தன்னோடு வேலை செய்தவர் வெயிலில் மயங்கினாராம். தான் வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்தினானாம். அதற்காகத் தன்னைச் சிறையில் போட்டு நாடு கடத்தினார்களாம்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் தோட்டத்தையே மறைத்தான். என் பெயரைக் கொடுத்தான், சரி. என் லாக்கப்பையும் எடுத்துக்கொண்டான். அந்தப் பதினொரு நாளில் எனக்கு உடம்பெல்லாம் சொறி வந்தது. அதைமட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறான்.

"அவரை எப்ப நாடு கடத்தினவை?" என்று கேட்டேன்.

தங்கச்சி கொஞ்சம் தடுமாறினாள். "அரசியலில அப்பிடி இப்பிடித்தானே அண்ணா எழுதுவினம். நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்ததுதானே."

பிரேரணை நல்லது. அதனால் அங்கே எத்தனையோ பேர் மத்தியானத்தில் நிழலில் இருப்பார்கள், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை. அவனைக் கூப்பிட்டு நாக்கைப் பிடுங்குகிற மாதிரி நாலு வார்த்தை கேட்க அன்றைக்கே வெறி வந்தது. கேட்டால் தங்கச்சி வாழ்கிற வீட்டில் நெருப்பு வைத்தது மாதிரி. இரண்டு பிள்ளைகள் வேறு. பல்லைக் கடித்துக்கொண்டேன். தனியாக இருக்கும்போது அவனே ஒரு தரம் எடுத்து, மச்சான், அண்டைக்கு நான் செய்தது பிழை என்று சொன்னால் போதும் என்று மனதை ஆற்றிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

போன வருசம் அவன் துபாய்க்கு வந்தான். தொழிற்கல்விக் கண்காட்சி ஒன்றுக்கு அவர்களுடைய மாநிலத்திலிருந்து ஒரு குழு. கட்சிப் போட்டோக்காரி ஒருத்தியையும் தன் செலவில் கூட்டிக்கொண்டு வந்திருந்தான். அடுத்த தேர்தலில் மாநில அரசுக்கே நிற்கிறானாம். முதல் நாள் சத்வாத் தையல்கடைத் தெருவில் சூட் தைக்க என்னைக் கூட்டிக்கொண்டு போனான். சுவிசில் தைப்பதானால் தோலை உரித்துவிடுவார்களாம். தையல்காரர் அளவெடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். அளவெடுப்பதுதான் என் தொழில், எனக்குத் தெரியாதா? "மூச்சை விடு மச்சான், பிறகு பொத்தான் தெறிக்கும்" என்றேன். சிரித்தான். காரில் நாங்கள் இரண்டு பேரும் தனியாக முக்கால் மணி நேரம் இருந்தோம். இப்போது சொல்வான், இப்போது சொல்வான் என்று பார்த்தேன். தன் வாக்காளர்களைப் பற்றியும் தன் முழங்கால் வலியைப் பற்றியும் சொன்னான்.

அடுத்த நாள் பழைய கம்பனி வாசலுக்குப் போகவேண்டும் என்றான். அங்கே இப்போது டயர்க் கடை. போட்டோக்காரி எங்களை நிறுத்தி, வெளிச்சம் பார்த்து, யார் இவர் என்று இங்கிலிஷில் கேட்டாள். அவன் என் தோளில் கையைப் போட்டான். "அன்று நான் வழிநடத்திய தொழிலாளிகளில் ஒருவர்" என்றான். மனைவியின் அண்ணன் என்றுகூடச் சொல்லவில்லை. இங்கிலிஷ் எனக்கு விளங்காது என்று நினைத்தானோ, விளங்கினாலும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பேன் என்று நினைத்தானோ தெரியாது. நான் பல்லைக் காட்டிக்கொண்டுதான் நின்றேன். அந்தப் போட்டோ இப்போதும் இருக்கிறது. அதில் நான் சிரிக்கிறேன்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். இருபது வருசம் நின்றது போதும், இனித் தெய்வத்தைக் கொஞ்சம் நடக்கவைக்கலாம் என்று டயர்க் கடை வாசலில் வைத்து முடிவெடுத்தேன். எப்படி என்றுதான் தெரியாமல் இருந்தது. வழியைத் தங்கச்சியே சொல்லித்தந்தாள், பாவம்.

தேர்தலுக்கு முந்திய மாதம் அவள் அந்த ஊர் நடைமுறையை எனக்கு விளக்கினாள். மாநில அரசு என்றால் ஐந்து பேர். கட்சி வேறாக இருந்தாலும் உள்ளே கூடி முடிவெடுத்துவிட்டு, வெளியே ஐந்து பேரும் ஒரே குரலில்தான் பேசவேண்டுமாம். ஒருவரை ஒருவர் விட்டுக்கொடுக்கக்கூடாதாம். இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. ஏன் சிரிக்கிறாய் என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

வாக்குத்தாள் தபாலில் வீட்டுக்கு வரும். வெறும் கோடு போட்ட தாள், அதில் பெயரைக் கையால் எழுதவேண்டும். "இந்தக் கிழடுகளோட பெரிய கரைச்சல் அண்ணா. இப்பதான் பிரஜாவுரிமை எடுத்ததுகள். எழுதத் தந்தால் முதல் வேலையாய் மேல பிள்ளையார் சுழியைப் போடுதுகள். வேற அடையாளம் ஏதும் தாளில இருந்தால் செல்லாது. கோயில் மண்டபத்தில இருத்தி வைச்சுச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டைத்தண்ணி வத்துது."

போனை வைத்துவிட்டு நான் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். காற்றில் விரலால் ஒரு சுழி போட்டேன், கீழே இரண்டு கோடு.

எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. சுவிஸ்காரர்தான் அதில் அதிகம். தாள்கள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்த கிழமையில், ஒரு மத்தியானம், சைட்டில் நிழலில் இருந்து குரல் பதிந்தேன்.

"வணக்கம் அம்மாமார், ஐயாமார். நான் உங்கட வேட்பாளரின்ர மச்சான், ஷார்ஜாவிலிருந்து கதைக்கிறன். எங்கட பிள்ளை ஒண்டு அந்த நாட்டு அரசாங்கத்தில இருக்கப் போகுது. நல்ல காரியம். வெறுந்தாளில பேரை எழுதிப்போட்டு விடாதேங்கோ. முதல்ல சுழியைப் போட்டு, பிள்ளையாரைக் கும்பிட்டு, அதுக்குப் பிறகு பேரை எழுதுங்கோ. அவர் பார்த்துக்கொள்ளுவார்."

குரலில் அவ்வளவு பாசம். திரும்பக் கேட்டபோது எனக்கே நம்பிக்கை வந்தது. அது அந்தக் குழுவிலிருந்து இந்தக் குழுவுக்கு, கோயில் குழுவுக்கு, சீட்டுக் குழுவுக்கு என்று ஓடியது. சட்டமா பிள்ளையாரா என்று வந்தால் எங்கள் சனம் எந்தப் பக்கம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. மூன்றாம் நாள்தான் தங்கச்சியின் காதுக்கு எட்டியது.

"அண்ணா, நான் சொன்னதை மறந்திட்டியே!"

"ஐயோ, மறந்துபோனன் பிள்ளை" என்றேன். அவளுக்கு நான் சொன்ன பெரிய பொய் அது. அவள் திருத்தி ஒரு குரல் அனுப்பினாள். அதற்குள் பெரும்பாலானோர் தாளைத் தபாலில் போட்டுவிட்டார்கள்.

எங்களுக்குப் படிப்பித்த ரீச்சர் ஒருவர் இப்போது அங்கே மகனோடு இருக்கிறார். எண்பது வயது தாண்டிவிட்டது. அவர் எனக்குப் போன் எடுத்தார். "தம்பி, என்ர சீவியத்தில நான் பயமில்லாமல் போட்ட முதல் வோட்டு. கண் இப்ப மங்கல். எண்டாலும் நீ சொன்னமாதிரி சுழியை வடிவாப் போட்டிருக்கிறன்." நான் நன்றி ரீச்சர் என்றேன். அன்று மட்டும் சோற்றைப் பாதியில் மூடி வைத்தேன். அதற்காகத் திட்டத்தை மாற்ற முடியுமா, தாள் போய்விட்டது.

கடைசி இடத்துக்கு மச்சானும் வேறு கட்சிக்காரி ஒருத்தியும் கிட்டக்கிட்ட வந்தார்கள். ஞாயிறு பின்னேரம் முடிவு வந்தது. ஒரு கலியாண மண்டபத்தில் அரைவாசியை நிரப்புகிற அளவு ஆட்கள்தான் வித்தியாசம். தோற்றான். எண்ணியவர்களுக்குச் சுழியைப் பார்த்து ஒன்றும் விளங்கவில்லையாம். இரண்டு என்ற இலக்கம் என்று நினைத்து, ஆளை இரண்டு தரம் எண்ணச் சொல்கிறார்களா என்று கேட்டார்களாம். கடைசியில் எல்லாவற்றையும் செல்லாத பெட்டியில் போட்டார்கள், தோற்ற வித்தியாசத்தைவிட அது கூட. சத்வாச் சூட்டோடு மண்டபத்தில் நின்று, வென்றவளுக்குக் கைகொடுக்கிற போட்டோவை அரைமணி நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வயிற்றை உள்ளே இழுக்க மறந்திருந்தான். அவ்வளவு இனிப்பான ஒன்றை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

ஆனால் தோற்றவனுக்கு ஏன் தோற்றேன் என்று தெரியாவிட்டால் அதில் என்ன இருக்கிறது? கிழடுகளின் அறியாமை என்று நினைத்துக்கொண்டு போய்விடுவான். ஒரு வெள்ளைத்தாள் எடுத்தேன். தலையில் சுழி போட்டு, கீழே இரண்டு கோடு. அதன் கீழ் இங்கிலிஷ் பெரிய எழுத்தில் ஏழு பெயர்கள். முதல் பெயர் என்னுடையது, இரண்டாவது சேட்டனுடையது. ஏழும் எனக்கு மனப்பாடம். படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டான். பதில் வரவில்லை.

ஒரு மணி நேரத்தில் தங்கச்சி எடுத்தாள்.

"அண்ணா, இவருக்கு என்ன தாள் அனுப்பினனி? பார்த்த நேரம் தொடக்கம் பல்கனியில போய் இருக்கிறார். கூப்பிட்டாலும் கதைக்கிறாரில்லை."

இருபது வருசமாக நெஞ்சுக்குள் உருட்டி வைத்திருந்ததை எல்லாம் சொன்னேன். சேட்டன், பஸ், மனேஜரின் மேசை, தாளின் தலையில் இருந்த சுழி, லாக்கப், சீதனம் வேண்டாம் என்று வந்த கலியாணம். குரல் பதிந்ததை மறதியில் செய்யவில்லை என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கு மூச்சு லேசாகியது. அவள் அழுவாள், அவனைத் திட்டுவாள், இவ்வளவையும் தனியாகச் சுமந்தாயே அண்ணா என்பாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் அழவில்லை. பின்னால் பிள்ளைகள் ஜெர்மன் மொழியில் எதற்கோ சண்டை பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அப்ப, கலியாணம் பேசி வரேக்கையே அவர் ஆரெண்டு உனக்குத் தெரியும்."

"ஓம்."

"தெரிஞ்சுகொண்டுதான் என்னை அனுப்பினனி."

"பிள்ளை, அண்டைக்கு ஊர் இருந்த இருப்புக்கு..."

"நீ என்னட்டை ஒரு வார்த்தை கேக்கேல்லை அண்ணா." குரல் உயரவில்லை. "அவர் ஏழு பேரின்ர பேரைக் குடுத்தவர். நீ என்ர பேரைக் குடுத்தனி."

போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது, அவள் எடுக்கவில்லை. அவன் தோற்றதில் எனக்கு இன்றைக்கும் ஒரு துளி வருத்தம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் போனைக் கையை விட்டு வைப்பதில்லை.